அசனத்து இலை

பழைய இஸ்ரவேலில் பழிவாங்கும் உரிமை செத்தவனின் நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் உண்டு, தெரியாமல் கொன்றவன் அடைக்கலப்பட்டணத்துக்குள் ஓடிவிட்டால் அந்த உறவும் அவனைத் தொடக்கூடாது என்று காலையில் போதகர் பிரசங்கித்திருந்தார்.

மதியம் கோயில் வளாகத்தில் அசன விருந்து. கோயில்பிள்ளை கறிவாளியோடு பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டே வந்தார். கடைசி இலையில் மாசிலாமணி இருந்தான். போன வருஷம் லாரியை ரிவர்ஸ் எடுத்தபோது கவனிக்காமல் கோயில்பிள்ளையின் மகன்மேல் ஏற்றிக் கொன்றவன். கோர்ட்டு விடுவித்த பிறகு இன்றுதான் கோயிலுக்கு வந்திருந்தான்.

அவனுக்கு முந்தின இலையோடு வாளி காலியானது. கரண்டி அடியில் உரசிய சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது. வேண்டுமென்றே முந்தின இலைகளில் அதிகமாக அள்ளிப் போட்டோமா என்று கோயில்பிள்ளைக்கே தெரியவில்லை. மாசிலாமணி வெறுஞ்சோற்றின் மேல் இலையை மடக்கினான்.

பக்கத்துப் பந்தியில் பரிமாறிய ஜெபசிங் நிறைந்த வாளியோடு விரைந்து வந்தான். "அண்ணாச்சி, நீங்க இரிங்க. அவருக்கு நான் போட்டுருதேன்."

கோயில்பிள்ளை அந்த வாளியைப் பிடித்துக்கொண்டார்.

"விடுல. இந்த எலைக்கு வேற யாரும் போடக்கூடாது."

பிறகு குனிந்தார். "எலய விரி, மாசிலாமணி."