அப்பா போன வயது

ரத்தப் பரிசோதனை அறையின் ஜன்னல் வழியாக விழும் காலை வெயிலில் ஊசித் தட்டு பளபளக்கிறது. எதிரே நாற்காலியில் தையல்காரர். ஆள் குச்சி, அவர் சட்டையைப் போட்டிருக்கிறாரா, சட்டை அவரைப் போட்டிருக்கிறதா என்று சொல்ல முடியாது. "தொப்பை இருக்கிறவங்களுக்குத்தானே இந்தக் கொலஸ்ட்ரால் டெஸ்டெல்லாம்?" என்று எழப் பார்ப்பவரை கூட வந்திருக்கும் அவருடைய அக்கா முறைத்து உட்கார வைக்கிறாள். நர்ஸ் படிவத்திலிருந்து தலை தூக்காமல் கேட்கிறாள்: "குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு?" "அப்பாவுக்கு. நாப்பத்திரண்டு வயசுல போயிட்டார்," என்கிறாள் அக்கா. "இவனுக்கு இப்ப நாப்பத்தொண்ணு." தையல்காரர் வாசலில் காத்திருக்கும் பருத்த உள்ளூர் வெள்ளைக்காரரைக் கண்ணால் காட்டுகிறார். "அவரைப் பாருங்க, என்னை மாதிரி மூணு பேர் சேர்ந்தாப்பல இருக்கார். அவரை விட்டுட்டு என்னைப் பிடிக்கிறீங்களே!" "அவருக்கும் எடுப்போம். ஆனா நம்ம தெற்காசியக்காரங்களுக்கு ஒல்லியா இருந்தாலும் சின்ன வயசுலயே மாரடைப்பு வர வாய்ப்பு ஜாஸ்தி. அப்பாவுக்கு வேற வந்திருக்கு. கையை நீட்டுங்க." நாள் முழுக்க ஊசியோடு வாழ்கிறவர் இந்த ஒரு ஊசிக்குக் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். குழாயில் ரத்தம் நிறைந்ததும் நர்ஸ் இன்னொரு ஊசியைப் பிரிக்கிறாள். "நீங்களும் அதே அப்பாவோட பொண்ணுதானே? அடுத்து நீங்க உக்காருங்க." சிரிப்பு பாதியில் நிற்கிறது. "நானா? நான் காலையில சாப்பிட்டுட்டேனே..." தையல்காரர் பஞ்சை அழுத்தியபடி துள்ளி எழுகிறார். "பொய் சிஸ்டர்! எனக்குத் துணையா பட்டினி கிடக்கிறதா பஸ் முழுக்கப் புலம்பிட்டு வந்தா!"