அடி விளிம்பில் ஓர் எழுத்து

“இனிமே நான் கடையற சிலிண்டர்ல என்ற எழுத்தத்தான் குத்தணுங்ணா.”

கேட்டேவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா சொல்லி அனுப்பியது வேறு. வேலையைக் கேளு, பேரைக் கேக்காத.

பட்டறைக்காரர் மயிலுசாமி சிலிண்டர் கடையும் போரிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

“இதென்ன கல்யாணப் பத்திரிகையா அம்மிணி, பேர் போட்டுக்கறக்கு? உள்ள கெடக்கறத யாரு பாக்கப்போறா?”

“அப்ப உங்க எழுத்து எதுக்குங்ணா?”

அவர் மிஷினின் மறுபக்கத்துக்குப் போய்த் துடைத்தார்.

அந்தப் பட்டறையின் பழக்கம் அது. கடைந்து பெரிதாக்கிய ஒவ்வொரு சிலிண்டரின் அடி விளிம்பிலும் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. எம்.

எஞ்சினில் ஏறிவிட்டால் எழுத்து மறைந்துவிடும். என்றைக்காவது அதைப் பிரிக்கிற மெக்கானிக் மட்டும் பார்ப்பான். வேலை நன்றாக இருந்தால் அடுத்த வண்டியையும் இங்கேயே அனுப்புவான். மோசமாக இருந்தால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவான்.

எழுத்து என்றால் இரண்டும்தான். அவள் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டாள்.

ஏழு மாதம். முப்பத்தெட்டு சிலிண்டர்கள். அளந்தது அவள். கடைந்தது அவள். உள்சுவரைத் தேய்த்துப் பதமாக்கியதும் அவள். குத்தியது எம்.

அச்சுப் பெட்டியில் இருபத்தாறு எழுத்தும் இருந்தன. எம் மட்டும் தலை நசுங்கிக் கிடந்தது. மற்றவற்றில் கடையில் பூசித் தந்த எண்ணெய்கூடப் போகவில்லை.

அன்று வந்திருந்தது தரணீஷ் என்ற வாடிக்கைக்காரனின் பைக். நூற்றைம்பது சிசி. நூற்றெண்பது ஆக வேண்டும்.

கல்யாணமாகி மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வால்பாறைக்குப் போகிறான்.

“ஒருத்தனா போனா பறக்குதுங்க. ரெண்டு பேரு ஏறுனா மேட்டுல மூச்சு வாங்குது. அவ இறங்கித் தள்ளட்டுமாங்கறா.”

சிலிண்டருக்குள் உள்சுவராக இறக்கியிருக்கும் இரும்புக் குழாய், பழைய ஸ்லீவ், அவ்வளவு கடைசலைத் தாங்காது என்று அவள் சொன்னாள். தடிமனாகப் புது ஸ்லீவ் இறக்க வேண்டும். நான்கு நாள் ஆகும்.

மயிலுசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாலு நாளுன்னா அவன் அடுத்த பட்டறைக்குப் போயிருவான். தாங்கும் அம்மிணி. நீ போயி காஸ்கெட் வாங்கிட்டு வா.”

போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினாள்.

சிலிண்டர் கடைந்து முடிந்திருந்தது. அவரே கடைந்திருந்தார்.

மேசையில் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் தடிமன் அளக்கும் வெர்னியர்.

அவள் வெர்னியரை எடுத்தாள். ஸ்லீவ் சுவரின் தடிமனை அளந்தாள். ஒரு பக்கம் ஒன்றேகால் மில்லி. சுற்றிக்கொண்டே வந்தாள். எதிர்ப்பக்கம் முக்கால்.

மறுபடி அளந்தாள்.

முக்கால்தான்.

அப்போதுதான் உறைத்தது. அவள் கையில் எடுத்தபோதே வெர்னியரின் வாய் முக்காலில்தான் நின்றிருந்தது.

அவரும் அளந்திருக்கிறார்.

சுவர் இவ்வளவு மெலிந்தால் மேடேறும் சூட்டில் நெளியும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும்.

பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது.

டக் என்று ஒரு சத்தம். மயிலுசாமி எதையோ மேசைமேல் வைத்தார்.

எழுத்து அச்சு. கே. அவளுடையது.

“கேட்டியே அம்மிணி. குத்திக்க.”

முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இத நான் கடையலையேங்ணா.”

“உன்ற எழுத்து வேணும்னு நீதான கேட்ட? குடுத்தாலும் மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்பிடி?”

அவள் அந்த அச்சைப் பார்த்தாள். தலை மழமழவென்று இருந்தது. ஏழு மாதமாக அதன்மேல் ஆசை. பஸ்ஸில் வரும்போது விரலால் ஜன்னல் கண்ணாடியில் எழுதிப் பார்த்திருக்கிறாள். அம்மாவிடம் காட்ட முடியாத ஆசை.

கோபம் வந்தது.

சாலைக்கு எதிரே பேக்கரியில் தரணீஷ் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவனருகே பெஞ்சில் அவன் மனைவி. மடியில் புது ஹெல்மெட். கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள். கிழிந்துவிடாமல், மெதுவாக.

ஏதோ சொல்லி அவன் சிரித்தான். அவள் ஹெல்மெட்டால் அவன் தோளில் இடித்தாள்.

அவர்கள் பட்டறைப் பக்கம் பார்க்கவேயில்லை. பார்க்க என்ன இருக்கிறது, வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்த வண்டி.

அவள் சிலிண்டரை எடுத்தாள். கடைந்த சூடு இன்னும் ஆறவில்லை. மறுகையில் வெர்னியர்.

“ஏ, அத எங்க எடுத்துட்டுப் போற?”

நடந்தாள்.

“அம்மிணி! படியத் தாண்டுனீன்னா திரும்ப வர வேண்டியதில்ல. சொல்லிப்போட்டேன்.”

சாப்பாட்டுப் பை ஏற்கெனவே அவள் தோளில் இருந்தது.

சாலையோரத்தில் ஒரு டவுன் பஸ் போகும்வரை நின்றாள்.

பிறகு பேக்கரியைப் பார்த்துச் சாலையில் இறங்கினாள்.