பானட்டுக்கு அடியில்

வஜீஹின் பழைய பென்ஸ் சந்தின் குறுக்கே நின்றபோது மணி ஒன்பதே கால்.

நின்றது என்று சொல்வது சரியில்லை. அவன்தான் நிறுத்தினான். நிறுத்திவிட்டு இறங்கி, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலிலிருந்து போகும் தடித்த வயரைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

எல்லாம் ஷவ்கி சொன்னபடி. ஊரின் இந்தப் பக்கத்துக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று தீர்மானிப்பவன் ஷவ்கி. ஐ.நா. அமைதிப்படையின் இரண்டு வண்டிகள் தார்ச்சாலையை விட்டு மேலே திரும்பிவிட்டதாக அவனுக்குப் போன் வந்திருந்தது.

"அபூ லமா, உன் வண்டி நின்னா யாரு ஆச்சரியப்படப் போறா? ஓடினாத்தான் ஆச்சரியம்."

மகள் பெயரை வைத்து, லமாவின் அப்பா என்றுதான் ஊரில் வஜீஹைக் கூப்பிடுவார்கள். ஷவ்கியின் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வஜீஹும் சிரித்தான்.

மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு தையல்காரன் அமைதிப்படை முகாமுக்கு இரண்டு முறை போய்வந்தான். வேவுக்காரன் என்று யாரோ ஒருவன் சொன்னான். யாரும் அவனை அடிக்கவில்லை. அவனிடம் துணி கொடுப்பதை மட்டும் நிறுத்தினார்கள். ரமலான் பிறப்பதற்குள் அவன் குடும்பத்தோடு பெய்ரூட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளை வண்டிகள் வந்து நின்றன. அதற்குள் முப்பது பேர் கூடியிருந்தார்கள்.

ஆற்றுக்கும் எல்லை வேலிக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் போக எங்களுக்கு உரிமை உண்டு என்றார் நீலத் தொப்பி அணிந்த அதிகாரி. எங்கள் ராணுவம் கூட வராமல் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்றான் ஷவ்கி. இருவரும் அதையே மூன்று முறை சொன்னார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, சும்மாவா சம்பளம் வாங்குகிறீர்கள், இறங்கித் தள்ளுங்கள் என்று கத்தினாள்.

இரண்டாவது வண்டியிலிருந்து ஒரு சார்ஜெண்ட் இறங்கினார். கானா நாட்டுக்காரர். இரண்டாம் முறையாக இங்கே பணிக்கு வந்திருப்பவர். கடைத்தெருவில் கற்ற அரபியில் ஊர்க்காரர்களைப் போலவே பேசுவார். பட்டாளத்துக்கு வருவதற்கு முன்பு குமாசியில் மெக்கானிக்காக இருந்தேன், பார்க்கட்டுமா என்றார்.

நின்றுபோன வண்டிக்காரன் மெக்கானிக்கை எப்படி வேண்டாம் என்பான்? வஜீஹ் பானட்டைத் தூக்கினான்.

இரண்டு தலைகளும் உள்ளே குனிந்தன.

சார்ஜெண்டின் விரல் நேராக வயர் இல்லாத வெற்றுத் துளைக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு அவர் வஜீஹின் சட்டைப் பையைப் பார்த்தார். பை புடைத்திருந்தது.

வஜீஹுக்குக் காதுமடல் எரிந்தது.

சார்ஜெண்ட் தன் கவச உடைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி, ஏர் ஃபில்டர் மூடியின்மேல் விரித்தார். பள்ளிக்கூட நோட்டுத் தாள். பென்சிலால் ஒரு சந்து, ஒரு வீடு, ஓர் அத்திமரம். வீட்டுக்குப் பின்னால் வயலின் வரிசைகள். நான்காவது வரிசையில் ஒரு சிவப்பு வட்டம்.

வியாழக்கிழமை முகாம் மருத்துவமனையில் ஒரு பெண் இதை நர்ஸின் கையில் திணித்துவிட்டுப் போனதாக அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். புகையிலை வயலுக்குள் வெடிக்காத குண்டு ஒன்று கிடக்கிறதாம். நாளை விடியற்காலையில் இலை பறிக்க இறங்குகிறார்களாம். உங்கள் ராணுவத்துக்கு எழுதிப்போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை என்றார்.

"தெரிஞ்ச வீடா, அண்ணே? வாயத் திறக்க வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

வஜீஹ் அந்தத் தாளை வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்தான். பின்னால், நாலடி தூரத்தில், ஷவ்கியின் பூட்ஸ் சரளைக்கல்லை மிதிப்பது கேட்டது.

"இந்த ஊர்ல இப்படி ஒரு வீடே இல்ல."

சார்ஜெண்ட் தாளை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். பானட்டை மெதுவாக இறக்கினார். இது பெரிய ரிப்பேர், இங்கே ஆகாது என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஷவ்கிக்கும் கேட்கட்டும் என்று அரபியிலும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வஜீஹின் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டிகளைத் திருப்ப அங்கே இடம் இல்லை. பின்பக்கமாகவே ஊர்ந்து சாலைக்கு இறங்கின. கூட்டம் கை தட்டியது. ஷவ்கி ஒரு சிகரெட்டைக் கொடுத்துத் தானே பற்றவைத்தும் விட்டான். உடனே கிளம்பினால் நன்றாக இருக்காது என்று வஜீஹ் அதைக் கடைசிவரை புகைத்தான். கூட்டம் கலைந்த பின் வயரைச் செருகி, சாவியைத் திருப்பினான். வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது.

இரண்டாவது வளைவு தாண்டி வீடு.

மனைவி நஹ்லா முற்றத்தில் அத்திமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். டவுனுக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற முக்காட்டைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் தட்டில் எட்டு காபிக் கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மகள் லமா, நாளைக்கு இலை கோக்க வேண்டிய நீண்ட ஊசிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால், புகையிலைச் செடிகளின் நான்காவது வரிசையில், திங்கட்கிழமை அவன் தன் கையாலேயே வட்டமாக அடுக்கிய கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு நஹ்லாவிடம் சொல்லியிருந்தான்.

வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று நஹ்லா கேட்டாள்.

வண்டி நின்றுவிட்டது என்றான்.

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"யாரு வண்டி?"