இரண்டு பிரதிகளிலும்

நாற்பத்தொரு சதவீதம்.

அவர் நாற்காலியில் சாயவில்லை. அலுவலகத்திலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

மேசையில், கணினியோடு இணைத்த கறுப்புச் சேமிப்புப் பெட்டி லேசாக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு வட்டுகள். ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒன்றில் பழுது வந்தால், மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

குடும்பத்தின் எழுபது ஆண்டுப் படங்கள். ஒரு படத்துக்காகக்கூட இன்னொருவர் வீட்டுப் படியேறி நிற்கக் கூடாது என்றுதான் இதை வாங்கினார்.

காலையில் எச்சரிக்கை வந்தது. முதல் வட்டில் முன்னூற்றுப் பதினெட்டுக் கோப்புகள் கெட்டிருந்தன. திருத்தச் சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டு, ஏறும் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலில் சரசாவும் இருந்தாள்.

அவர் மனைவி. அவள் பல் தெரியச் சிரித்த ஒரே படம். நாளை மறுநாள் முதலாம் ஆண்டு நினைவு நாள். படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் துரைராஜ் படத்தைக் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

அறுபத்தெட்டு.

இரண்டாவது வட்டிலும் அது கெட்டிருந்தால்?

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நூறு.

சரிசெய்யப்பட்டவை: 318. மீதமுள்ள பிழைகள்: 0.

படத்தைத் திறந்தார். சரசா சிரித்தாள். ஒரு புள்ளி குறையவில்லை.

அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் துரைராஜ் கூப்பிட்டார்.

“ஐயா, படம் அருமைங்க. அம்மா நேர்ல நின்னு சிரிக்கிறாப்பல இருக்குது. தோள்ல மட்டும் நாலு விரல் தெரியுதுங்க. நெளிமோதிரம் போட்ட கை. தொடச்சுரட்டுங்களா?”

அவர் திரையைப் பார்த்தார்.

மோதிரம் அவர் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. மகள் தன் கேமராவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஓடி வந்து அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். அதற்குத்தான் சரசா அப்படிச் சிரித்தாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அவர் வேண்டாமென்றவனை மகள் கட்டிக்கொண்ட வாரம், ஒவ்வொரு படமாகத் திறந்து அவளை வெட்டினார். அதே பெயரில் சேமித்தார். குடும்பப் பெயர் மிஞ்ச அதுதான் வழி என்றிருந்தார். ஒவ்வொரு வெட்டும் அந்தக் கணமே இரண்டு வட்டுகளிலும் ஏறியது.

அன்று அது அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

சரசா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தடுக்கவில்லை. ஒன்றுமட்டும் சொன்னாள்.

“எம் பக்கத்துல கொஞ்சம் பாத்து வெட்டுங்க.”

பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்.

பெட்டியின் உறுமல் அடங்கிவிட்டது. இரண்டு பிரதிகளும் ஒன்றுபோல் இருந்தன. அதற்குத் தெரிந்தவரை பழுதென்று எதுவும் இல்லை.

“ஐயா? தொடச்சுரட்டுங்களா?”

“வேண்டாம்.”

“அப்படியே மாட்டுனா வர்றவங்க கேப்பாங்களே, யாரு கைன்னு.”

“முழுப்படம் இருக்குது. கேட்டு வாங்கோணும்.”

“யாருகிட்டங்க?”

அவர் போனை வைத்துவிட்டார்.

மகளின் எண் அவர் போனில் இல்லை. அதையும் அவரேதான் அழித்திருந்தார்.

பீரோவில், மடித்த புடவைகளுக்கு அடியில், சரசாவின் செல்போன் இருந்தது. ஒரு வருடமாக யாரும் தொடாதது. எடுத்துவந்து சார்ஜரில் செருகினார்.

திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது.

பிறகு, ஒரு சதவீதம் என்றது.

அவர் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.