குலுங்குமா சார்?

"முதல்ல மலை ரயில், அப்புறம் ஏரியில படகு, மறுபடியும் ரயில். கண்கொள்ளாக் காட்சி சார்!" என்றார் பயண ஏஜென்ட்.

"ரயில் குலுங்குமா சார்?" என்று கேட்டான் கணவன். மனைவியின் மடியிலிருந்த இரண்டு வயது மகள், மேஜை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் நெற்றியில் குத்திக்கொண்டாள்.

குழந்தையை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தார் ஏஜென்ட். "துளிகூடக் குலுங்காது. புத்தம் புது வண்டி. போட்டோ எடுக்க அருவிக்கிட்ட அரை மணி நேரம் நிறுத்துவாங்க."

இருவர் முகமும் தொங்கிப்போயிற்று.

"அரை மணி நேரமா?" என்றாள் மனைவி, அழாத குறையாக. "எங்கேயும் நிக்காம ஆடி ஆடிப் போற பழைய வண்டி ஏதாவது இருக்கா?"

இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஏஜென்ட் தலையைச் சொறிந்தபடி தேடினார். "ஒண்ணு இருக்கு. எலும்பெல்லாம் கழண்டுடும். அதுக்கப்புறம் வர்ற படகும் தடதடன்னு உதறும்."

"அதையே போடுங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஜன்னல் சீட்டு?"

"திரை இருந்தா போதும்."

"போய்ச் சேர்ற ஊர்ல ரூம் போடவா?"

"ஐயையோ, வேண்டாம்!" கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "குலுங்கிக்கிட்டே ஓடுற வண்டியில மட்டும்தான் சார் எங்க பொண்ணு தூங்குவா. நாங்க கண் அசந்து ரெண்டு வருஷமாச்சு. சுத்திப் பாக்கவா போறோம்? தூங்கப் போறோம். இறங்கின உடனே அதே வண்டியில திரும்பி வர டிக்கெட் போட்டுடுங்க!"