குரலின் முறை

கஸ்தூரியின் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், சுசீலா மூத்த மகன் இளங்கோவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். வானகரத்து மண்டபத்தின் சந்தனம் இன்னும் அவள் கையில் மணத்தது.

இளங்கோவுக்கு நிச்சயித்த பெண்தான் கஸ்தூரி. தாலி கட்டுவதற்குள் பைபாஸில் லாரி மோதியது; கண்ணைத் தவிர அவனிடம் எதுவும் அசையவில்லை. முகத்துக்கு நேரே பொருத்திய கணினியில் அவன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க, அது குரலாக்கிச் சொல்லும்.

பழைய கணினி. "ஃபேன்" என்று கேட்பான். ஓடிப்போய்ப் போட்டால் சில நாள் கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

வேலை முடிந்ததும் கஸ்தூரி தினமும் ரயிலேறி ஆவடிக்கு வந்து அவன் பக்கத்தில் இருப்பாள். அவள் அப்பா வேறு வரன் பார்த்தபோதும் இங்கேதான் ஓடிவந்தாள்.

"நான் இன்னா செய்யட்டும்? நீயே சொல்லு."

"போ" என்றது குரல்.

நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் கண்ணில் நீர் வழிய வழிய, "போ", "போ" என்றே வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்றோடு இளங்கோ பேசுவதையே விட்டுவிட்டான். பிள்ளைக்கு எத்தனை பெரிய மனசு என்று சுசீலா தனியே அழுவாள்.

ஓசூரிலிருந்து வேலை மாறி அம்பத்தூருக்கு வந்திருந்த இளையவன் கிஷோர், காலையிலிருந்து அந்தக் கணினியோடு மல்லாடிக்கொண்டிருந்தான்.

"கண்ணப் பாக்குற வேலையும் பேசுற வேலையும் ஒரே மூளதாம்மா செய்யுது. மொதல் வேலையே நேரத்த முழுங்கிடுது, குரல் பாதியில நின்னுக்கும். உள்ள கெர்னல்னு ஒண்ணு கீது, அதான் யாருக்கு எப்போ முறைன்னு பாக்குது. அதோட கடிகாரம் செகண்டுக்கு நூறு வாட்டிதான் அடிச்சிது. ஆயிரமாக்கிட்டேன். இனிமே குரலுக்கும் அடிக்கடி முறை வரும்."

"அண்ணா, எதுனா பேசுண்ணா" என்று திரையை நேராக்கினான்.

சுசீலா மகனின் நெற்றியை வருடினாள். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதுடா கண்ணு. உன் வாயால நீ சொன்னதாலதான் அவளுக்கு ஒரு வாழ்க்க கெடச்சிது."

இளங்கோவின் கண்கள் திரையில் வெகுநேரம் ஊர்ந்தன. குரல் இம்முறை எங்கும் அறுபடாமல் வந்தது.

"'போவாத'ன்னுதாம்மா சொன்னேன்."