வாசலில் வேப்பிலை

தம்பி வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குவதைப் பார்த்ததும் பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வருசா வருசம் மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள் ஆயிற்றே.

"ஆருக்குப் புள்ள அம்மை?" என்று எதிர்வீட்டு அத்தாயியைக் கேட்டாள்.

"ஆருக்குமில்லீங்க. உங்க தம்பி பொண்டாட்டி சும்மா கட்டி உட்டிருக்கறா. சொந்தபந்தம் வந்தாக் காப்பி வெச்சுக் குடுக்கோணுமே."

பாவாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவன் தலையில் கட்டி வந்து படுத்திருக்கிறான். அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க, நாமகிரிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் தும்மிக்கொண்டே வந்திருக்கிறாள். இவளானால் ஆத்தா பேரில் பொய் சொல்லி விரட்டுகிறாளா?

வேப்பிலையைப் பிடுங்கக் கையை ஓங்கினாள். தம்பி மனைவி கந்தம்மாள் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"நங்கையா, உள்ள வராதீங்க. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்" என்று நாத்தனாரிடம் கெஞ்சினாள்.

"ஏன், நான் அவனுக்கு ஆகாதவளா?"

"சேலத்து டாக்டரு இவரு கையில ஊசி போட்டுப் பாத்தாருங்க. நமக்குன்னா அந்த எடம் தடிச்சுச் செவக்குமாம். இவருக்கு ஒண்ணுமே ஆவலை. தலைக்குள்ள இருக்கற கட்டி, ஒடம்போட காவலையே தூங்க வெச்சிருச்சாம். ஒரு சளி புடிச்சாக்கூட எதுத்து நிக்கத் தெம்பில்லையாம். மெட்ராசுல ஆபரேசன் முடியற வரைக்கும் ஆரையும் கிட்ட உடாதீங்கன்னாரு. வராதீங்கன்னு நான் சொன்னா ஒறமொறை மொகம் சுளிக்கும். ஆத்தா சொன்னா ஆரும் வருத்தப்பட மாட்டாங்க."

பாவாயிக்குத் தும்மல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே இறங்கிவிட்டாள்.

சன்னல் வழியே தம்பி சென்னிமலை தெரிந்தான். வேப்பம்பூ வெயிலில் மிதந்து மிதந்து சன்னலோரம் உதிர்ந்துகொண்டிருந்தது. அவன் அரைக்கண் திறந்து சிரித்தான்.

"அக்கா, கெணத்துல தண்ணி ரொம்பிருச்சா? நீந்தப் போலாமா?"

"போலாஞ் சாமி. நீ தூங்கி எந்திரி."

ஆரஞ்சுப் பழப்பையைப் படியில் வைத்துவிட்டு நடந்தாள்.

தெருமுனையில் பெரியப்பா மகன் தீர்த்தகிரி குடும்பத்தோடு எதிரே வந்தார்.

"என்ன பாவாயி, அதுக்குள்ள திரும்பிட்டே?"

"போவாதீங்கண்ணா. ஊட்டுல அம்மை போட்டிருக்குது."

"கந்தம்மா சும்மா கட்டியிருக்கறான்னுல்ல பேசிக்கறாங்க?"

தீச்சட்டி எடுக்கிற கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு பாவாயி சொன்னாள்:

"ஆத்தா மேல சத்தியமுங்கண்ணா. முத்துப் போட்டிருக்கறதை நானே கண்ணால பாத்தேன்."